சிகரெட் இல்லாத மூன்று வாரங்கள்

4 பெப்ரவரி 1962, ஞாயிறு

உறைபனி. காய்கறிப் பாத்தியில் கோவா இலைகள் ஓரம் கருகிவிட்டன. ஐந்தாம் வகுப்புக் கொப்பிகள் திருத்த வேண்டும். மண்ணெண்ணெய் முடிந்தது.

இவர் சிகரெட்டை விட்டு இன்று ஏழாம் நாள். விட்டால் மூச்சு மீளும், விடாவிட்டால் இரண்டு வருடத்தில் படி ஏற முடியாது என்று ஹட்டன் டாக்டர் சொன்னாராம். எனக்கு நம்பிக்கையில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இது நான்காவது தடவை. வீட்டில் சீனி, கடுகு, பொத்தான், ஊசி எல்லாம் இவருடைய வெற்று சிகரெட் டின்களில்தான்.

உண்மையாகவே விட்டால்: மகளின் விடுதிப் பணத்துக்குப் பாதியாவது மிஞ்சும். இருமல் இல்லாத காலை. தலையணை உறையில் ஓட்டை விழாது.

தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அறுபத்திரண்டு படி. இன்று இரண்டு இடத்தில் நின்றார்.

8 பெப்., வியாழன்

நல்ல வெயில், காய்ந்த காற்று. வருடத்தின் சிறந்த தேயிலை வரும் காலம். ஆனால் கொழும்பிலிருந்து கடிதம்: எங்கள் தோட்டத்துத் தூள் மறுபடியும் சுவை மந்தம். தோட்டத்துத் துரை டீமேக்கரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். தூள் தயாரிப்பு முழுவதற்கும் பொறுப்பான டீமேக்கர் இவர்தான்.

போன வருடம் இதே புகார் வந்தபோது பழி சின்னையா மேல் விழுந்தது. அரைத்த கொழுந்தை விரித்து வைக்கும் அறையில் பதினெட்டு வருடம் வேலை செய்தவன். இலையை நேரத்துக்கு எடுக்கவில்லை என்று இவர் எழுதிக் கொடுத்தார். பத்துச்சீட்டு கொடுத்து வேலையை விட்டு நிறுத்தி, குடும்பத்தோடு லயத்து வீட்டை விட்டும் அனுப்பினார்கள். இப்போது நோர்வூட்டில், மச்சான் வீட்டில்.

இவருக்கு இருமல் கூடியிருக்கிறது. விட்ட புதிதில் அப்படித்தானாம். வாயில் எந்நேரமும் கராம்பு. என்னோடு பேச்சில்லை.

13 பெப்., செவ்வாய்

காலையில் தேநீர் கொடுத்தபோது என் கையைப் பிடித்து முகர்ந்தார்.

"உம்மட கை சவுக்காரம் மணக்குது."

ஐந்தாறு வருடமாக இவர் எதையும் முகர்ந்து சொன்னதில்லை. பிறகு எழுந்து போய்க் கடுகு டின், மல்லி டின், என் பவுடர் டப்பா, ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தார். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

படியில் ஒரே இடத்தில்தான் நின்றார்.

14 பெப்., புதன்

மத்தியானம் சாப்பிடவில்லை. கேட்டதற்கு மெதுவாகச் சொன்னார். விரித்த இலையில் பச்சை வாடை போய்ப் பழவாசனை எழும்போது எடுக்க வேண்டும். தாமதித்தால் தூள் சப்பென்று போகும். இன்று வழக்கமான நேரத்துக்குக் குனிந்து முகர்ந்தால், வாசனை எப்போதோ எழுந்து அடங்கிவிட்டிருக்கிறது. அடுத்த தட்டை இருபது நிமிடம் முந்தி எடுத்தார். அது சரி.

"அந்த இருபது நிமிசத்தைத்தான் சின்னையா ஒவ்வொரு நாளும் சொன்னவன். வாசன வந்துருச்சுங்க ஐயா, எடுத்துடலாங்களா எண்டு. எனக்கு மணக்கேல்லை. பொறு எண்டனான்."

துரையிடம் சொல்வீர்களா என்றேன். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

16 பெப்., வெள்ளி

ரோதைமுனி பூசை. இயந்திரங்களுக்குக் காவல் தெய்வம். தொழிற்சாலைக்குள் பீடி பிடித்தால் அன்றே வேலை போகும். வாசலில் முனிக்கு மட்டும் சுருட்டு உண்டு. அதை டீமேக்கர் தன் வாயில் வைத்துப் பற்றவைத்துத்தான் வைக்க வேண்டும். இந்தமுறை வேறு யாராவது செய்யட்டும் என்றார் இவர். கங்காணி விடவில்லை.

"மாத்தக் கூடாதுங்க ஐயா. பெல்ட்டு அறுந்து யாரு கையாச்சும் போச்சுன்னா நாங்க என்னா பண்றது?"

வாங்கினார். ஒரு இழுப்பு போதும். மூன்று, நான்கு இழுத்தார்.

பின்னால் ஒருத்தி: "முனிக்கு மிச்சம் வைப்பாரா ஐயா?" பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

18 பெப்., ஞாயிறு

மருதாயி வந்தாள், சின்னையாவின் மனைவி. நோர்வூட்டிலிருந்து பஸ், பிறகு நடை. ஒரு கட்டு லீக்ஸ் கொண்டுவந்தாள். துரைக்கு மனு எழுதித் தர வேண்டுமாம். அவன் அங்கே கூலிக்கு விறகு பிளக்கிறான்; வாரத்தில் மூன்று நாள் வேலை இல்லை.

"தப்பு எங்க மேலதான்னு எழுதிருங்கம்மா. மன்னிச்சுக்கச் சொல்லி எழுதுனா தொர எறங்குவாரு."

தப்பில்லையே என்றேன்.

"இருந்தா என்னா, இல்லாட்டி என்னாங்கம்மா. வேலதானே வேணும்."

உள்ளறையில் இவர் இருமலை அடக்கும் சத்தம். அவள் சொன்னபடியே எழுதினேன். பட்டம் வாங்கிய கை. "தப்பு" என்ற சொல் இரண்டு தடவை. அவள் பெருவிரல் ரேகை வைத்துவிட்டுப் போனாள்.

இவர் வெளியே வந்து கடிதத்தை வாசித்தார். "நானே குடுக்கிறன். குடுத்திட்டு நடந்ததைச் சொல்லுறன்." சட்டைப் பையில் வைத்தார்.

இந்த ஒருமுறை நம்பினேன்.

20 பெப்., செவ்வாய்

மூடுபனி. கொப்பிகள் முடிந்தன.

நேற்றே துரையைப் பார்த்துக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். துரை யோசிக்கிறாராம்.

இன்று பொத்தான் எடுக்கப் போனபோது, அலுமாரியில் என் டின்களுக்குப் பின்னால் புது சிகரெட் டின் ஒன்று. மூடி வெட்டியிருந்தது. பாதி இல்லை. காலியான பக்கத்தில் நாலாய் மடித்த கடிதம், பெருவிரல் ரேகையோடு.

டின்னை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

சாயங்காலம் படியில் மூன்று இடத்தில் நின்றார். பதில் கேட்க மருதாயி ஞாயிறு வருவாள்.