அவளுக்குப் போட்ட சால்வை

இட்செல் கண்ணே,

பட்டமளிப்பு விழாவில், "உங்கள டீச்சராக்கினவங்களுக்குச் சால்வையப் போடுங்க" என்றார்கள். நீ மேடையிலிருந்து இறங்கி வந்தாய். நான் எழுந்து நின்றேன். நீயோ என்னைத் தாண்டிப் போய்ப் பேராசிரியை ஓச்சோவாவுக்குப் போட்டாய்.

"என்னடி, டான்ஸ் ஆடவா எந்திரிச்ச?" என்றாள் பக்கத்து வீட்டுச் சாயோ. சாகும்வரை மறக்க மாட்டேன்.

பிழைக்க வந்த இந்த நாட்டில் நம் மெக்சிகோக்காரப் பிள்ளைகளை ஆசிரியராக்குவதுதான் அவள் வேலை. தேர்வில் இரண்டு முறை தோற்ற உன்னை விடாமல் படிக்கவைத்தாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வயலில் கூலிக்கு வெங்காயம் பொறுக்கிய கையோடு ஓடிவந்து உனக்குத் தலை பின்னிவிட்டது அவளா?

திங்களன்று உன் முதல் வகுப்பைப் பார்க்க அவளையும் கூப்பிட்டிருக்கிறாயாம். வரட்டும். நானும் வருவேன். ஆனால் பிள்ளைகளுக்கு என்னைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

இன்னும் கோபம் ஆறாத
உன் பாட்டி