வெயில் காலத்துத் தண்ணீர்

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? பெரியவளுக்கு எட்டாம் மாதம். மாடிப்படி ஏற விடாதே.

இங்கே ஒரு வேடிக்கை. குளிர்காலத்தில் ஒன்பது படகுகளுக்கு மீன் காட்டும் கருவி விற்றேன் அல்லவா? "திரையில தெரிஞ்சா வலைய விடுங்க, மீன் இல்லன்னா நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அப்போது அது பொய்யில்லை. இப்போது வெயிலில் மேல்தண்ணீர் சூடாகிவிட்டது, அடித்தண்ணீர் குளிர்ந்தே கிடக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் கருவியின் ஒலி முட்டித் திரும்பி, மீன்கூட்டம் போலவே திரையில் தெரிகிறது. அதற்குக் கீழே இருக்கும் நிஜ மீன் தெரிவதில்லை.

நேற்று ஒரு படகுக்காரர் என்னையே கடலுக்கு ஏற்றிப் போனார். திரை நிறைய மீன், வலையில் ஒன்றுமில்லை. "முதலாளி, இதப் பொரிக்கவா, அவிக்கவா?" என்று திரையைக் காட்டிக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். கருவியில் பழுதில்லை, அவர் மேலும் தப்பில்லை. தண்ணீரோடு யார் பேரம் பேசுவது?

தண்ணீர் குளிரும்வரை தினம் ஒரு படகில் போய், எது மீன், எது தண்ணீர் என்று பிரித்துக் காட்டப் பார்க்கிறேன். பாதி நேரம் எனக்கே தெரிவதில்லை. இப்போது கடையைப் பூட்டினால் ஓடிவிட்டான் என்பார்கள். அதனால் பிரசவத்துக்கு வர முடியாது. போனில் சொல்ல வாய் வரவில்லை. பெரியவளிடம் நீயே பக்குவமாகச் சொல்.

இனிமேல் போன் பேசும்போது சமையலறையில் நின்றே பேசு. நம் வீட்டுப் பாத்திரச் சத்தம் எனக்கும் கேட்கட்டும்.

படகில் கூப்பிடுகிறார்கள். கடலுக்குப் போகும்போது போனைப் பக்கத்து வலைக்கடைக்காரரிடம் விட்டுப் போகிறேன்; குழந்தை பிறக்கும்போது நான் கடலில் இருந்தால், அவர்தான் எடுப்பார். ஆணா பெண்ணா என்று அவரிடமே சொல்லிவிடு.

உன் வீட்டுக்காரன்