சிங்கப்பூர் என்றேன்

சனிக்கிழமை. நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன்.

தூதரக அதிகாரிகளை உருவாக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கத் தி. நகர் ஓட்டலுக்கு வந்திருந்தார். "எந்தெந்த நாடு பார்த்திருக்கீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்டு, பார்த்தவர்களுக்கு மட்டும் விண்ணப்பம் கொடுத்தார். எங்கள் வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண் எடுப்பவள் நஸ்ரின். "எங்கேயும் போனதில்ல சார்" என்றாள். அவர் அவளைத் தாண்டி என்னிடம் வந்துவிட்டார். நான் சிங்கப்பூர் என்றேன்.

பஸ்ஸில் நஸ்ரின், "இன்னாடி, நங்கநல்லூர் அத்தை வீட்டத்தான் சிங்கப்பூர்ன்னியா?" என்று கேட்டாள். சிரிக்காமல் கேட்டாள்.

அந்த ஆளை வெறுக்கிறேன். அவர் பல்கலைக்கழகத்தையும் வெறுக்கிறேன். ஆனாலும் விண்ணப்பத்தை, அழிக்க முடியாதபடி பேனாவாலேயே நிரப்பிவிட்டேன். நிரப்பும் முன் நஸ்ரினுக்கு ஒரு நகல் எடுத்திருக்கலாம். தோன்றியது, எடுக்கவில்லை. அவளும் விண்ணப்பித்தால் இடம் அவளுக்குத்தான் கிடைக்கும்.

அப்பா விளக்கை அணைக்க வந்துவிட்டார்.