மூலையில் இருந்த சிவப்பு

எங்கே புதைத்தார்கள் என்றுகூடத் தெரியாத என் அருமை மாப்பிள்ளை அந்தோணிக்கு,

ஜப்பான்காரர்கள் உங்களைச் சுங்கைப் பட்டாணிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு நீங்கள் இறந்த செய்திதான் வந்தது, உடல் வரவில்லை. நீங்கள் வரைந்த படம் மட்டும் சுங்கை லாலாங் தோட்டத்தின் கூலி லயத்தில், என் தங்கை ஸ்டெல்லாவின் கட்டிலுக்கு மேல் தொங்குகிறது. அதைப் பார்க்கவே பயமாயிருக்கிறது.

ரப்பர் பெட்டிப் பலகையில் ஆளும் இல்லை, மரமும் இல்லை. புகைக்கூடத்துக் கரியில் ஒரு பெரிய கறுப்பு. அதன் பக்கம் சாய்ந்த சாம்பல் கோடுகள். மூலையில் செங்கல் பொடியால் சின்ன வட்டம். படத்தில் ஒன்றுதான் ஆள வேண்டும், மற்றவை அதற்கு அடங்கி நிற்க வேண்டும் என்பீர்கள். எந்தக் காலத்தில் இருந்துகொண்டு இதைப் பேசினீர்கள்?

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வெற்றிலை மென்றபடி வந்து பார்த்தானே.

“என்னங்க, ஜப்பான் சூரியனக் கொண்டுபோய் மூலைல குடி வச்சிட்டீங்க? வெள்ளைக்காரன் போயிட்டான் லா!”

“சூரியன் இல்ல கிராணி, வெறும் சிவப்பு. அது சின்னதா இருந்தாத்தான் கறுப்பு பெருசாத் தெரியும்.”

அவனே போய் ஜப்பான்காரர்களிடம் காட்டிக்கொடுத்தான். இன்று அவன் வீட்டில் அரிசிச் சோறு, எங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு. அவனை மன்னிக்க மாட்டேன். உங்கள்மேலும் கோபம்தான். சூரியன் என்றே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

நாளை லயத்தில் வீடு வீடாகச் சோதனை. வட்டத்தைப் பெரிதாக்கிவிடலாம் என்று செங்கல் இடித்தேன். முதலில் தரையில் வரைந்து பார்த்தேன். சிவப்பு வளர வளர, கறுப்பு அதன் நிழலாகச் சுருங்கியது. சாம்பல் கோடுகள், காவல் சாவடியில் ஜப்பான்காரனுக்குக் குனிந்து நிற்கும் நம் ஆட்களைப் போலாகிவிட்டன. இருந்தும் பலகையைச் சுவரிலிருந்து இறக்கினேன்.

ஸ்டெல்லா வந்து பலகையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“உயிரு பெருசா, பலகை பெருசா, தங்கச்சி?”

“இதுல கை வச்சா, அவரு செஞ்சது தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரிண்ணே.”

“அப்போ எரிச்சிடலாம்.”

“எரிங்க. என்னையும் சேத்து எரிங்க.”

கடைசியில் பலகையோடு ஓடிவிடுவதென்று முடிவு செய்தோம். இன்று மதியம் பாலிங்குக்கு ஒரு கிழங்கு வண்டி போகிறது. மூட்டைகளுக்கு அடியில் பலகை, மேலே நாங்கள். வழியில் சிப்பாய்கள் மூட்டைகளைத் துப்பாக்கி ஈட்டியால் குத்திப் பார்ப்பார்களாம். நான் நடுங்குவது அவர்கள் கண்ணில் படுமா? ஸ்டெல்லா நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

இடித்த செங்கல் பொடியைக் கால்வாயில் கொட்டிவிட்டேன். பாலிங் போய்ச் சேர்ந்தாலும் சரி, சேராவிட்டாலும் சரி, எவனுக்காகவும் அந்த வட்டத்தைப் பெரிதாக்க மாட்டேன், மாப்பிள்ளை.

பயத்தோடும் ஆறாத கோபத்தோடும்,
உங்கள் மைத்துனன்
சவரிமுத்து