ஒரே அறைக்கு இரண்டு மதிப்பு

1969 அக்டோபர் 6, திங்கள்

காலையில் கோட்டுப் பொத்தான் தெறித்தது. கோட்டு சுருங்கிவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

சமூகப் பணியாளர் பொழைப்பு! ஐசில்டா வந்து அழுதாள். ஜமைக்காக்காரி, இந்த வெள்ளைக்கார ஊரில் நகராட்சியின் வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்தவள். வீட்டை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து மதிப்புப் போடும் மிஸ் பிரூவிட், அவளுடைய அறைக்கு 'சுமார்' போட்டுவிட்டாளாம். 'சுமார்' என்றால் இடிக்கப்போகிற தெருவில் ஓர் ஓட்டை வீடு. 'நல்லது' என்றால் குளியலறையோடு புதுக் குடியிருப்பு. ஐசில்டாவின் தரையில் தட்டே இல்லாமல் சாப்பிடலாம்! ஆனால் கறுப்பர் வீடு எதற்கும் இதுவரை 'நல்லது' வந்ததில்லை.

அவள் மகள் மார்வாவுக்கு ஈரச் சுவரோரம் படுத்துப் படுத்து மூச்சிரைப்பு. இன்னொரு குளிர்காலம் அங்கே கூடாது என்கிறார் டாக்டர்.

அக்டோபர் 9

வீட்டுவசதி அதிகாரி ஹாலமைப் பார்த்தேன். "நிறமெல்லாம் நாங்க பாக்கிறதே இல்லைங்க, மிஸ் பில்கிரிம். வீட்ட எப்படி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

நான் பார்படோஸ்காரி, ஐசில்டாவைவிடக் கறுப்பு. என் கண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அக்டோபர் 14

ஐசில்டாவுக்குக் கீழ் அறை டோரீன். வெள்ளைக்காரி, நாலு பிள்ளைகள், ஊரறிந்த அழுக்குமூட்டை. அவளும் வீடு கேட்டிருக்கிறாள். வியாழக்கிழமை மிஸ் பிரூவிட் வருகிறாள்.

"என் அறையப் பாத்தா அவ தலைதெறிக்க ஓடிருவா, கண்ணு," என்றாள் டோரீன்.

எனக்கு ஒரு குறும்பு தோன்றியது: அன்றைக்கு ஐசில்டாவின் அறையில் டோரீன் உட்கார்ந்து, அதுதான் தன் அறை என்றால்? வேலை போனாலும் போகும் — போகட்டுமே.

ஐசில்டாதான் என்னை முறைத்தாள். "என் அறையில இவளா? ஒரு பொட்டு சிகரெட் சாம்பல் விழட்டும், மிஸ் வெரோனா, ரெண்டு பேரையும் ஜன்னல் வழியா வீசிருவேன்."

அக்டோபர் 16

ஐசில்டாவின் துணி அலமாரிக்குள், சுவரிலிருந்து கழற்றிய அவள் கல்யாணப் படத்தை அணைத்தபடி நான். உள்ளே நுழைந்தது அதிசயம். வெளியே வந்ததை எழுதமாட்டேன்.

மிஸ் பிரூவிட் போன மாதம் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அறை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை!

"அடடா, இந்த லேஸ் விரிப்பெல்லாம் யார் பின்னினது?"

"நான்தாங்க," என்றாள் பொத்தான்கூடத் தைக்கத் தெரியாத டோரீன். "சர்க்கரைத் தண்ணியில முக்கி விறைப்பாக்குவேன்."

"நம்ம ஆளுங்க கைவேலையே தனிதான்!"

இதே விரிப்புகளைப் பார்த்து ஐசில்டாவிடம் சொன்னது: "ஒரே அடைசல்."

அக்டோபர் 30

டோரீனுக்குப் புதுக் குடியிருப்பில் வீடு. மதிப்பு, 'மிக நல்லது.' நாளைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய் இந்த மதிப்பை ஹாலம் முகத்தில் விட்டெறிய வேண்டியதுதான்.

அக்டோபர் 31

டோரீன் கதவைத் திறக்கவில்லை. உள்ளேதான் இருக்கிறாள், வானொலி பாடுகிறது.

குளியலறை. வெந்நீர். நாலு பிள்ளைங்க. நானா இருந்தா? சாவிய வாங்கிட்டு ஓடிருப்பேனோ? கேக்காதே, வெரோனா.

நவம்பர் 5

நகராட்சி வீட்டுக் குழுவின் கூட்டம். பேச்சை எழுதிக்கொண்டு போனேன், மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன். 'மதிப்பிற்குரிய' வரைதான் வந்திருப்பேன், கதவு திறந்தது. டோரீன்! உதட்டுச் சாயம், இரவல் தொப்பி.

"அந்த அறை ஐசில்டாவோடது. நான் சும்மா உக்காந்திருந்தேன். என் அறையப் பாக்கணும்னா மூக்க மூடிக்கிட்டு வாங்க."

ஓர் உறுப்பினர் சிரிப்பை இருமலாக்கினார். ஹாலம் எழுந்தார். "இது மோசடி!"

"ஆமாங்க. ஆனா ஒரே அறைய ரெண்டு விதமாப் பாத்தது நான் இல்லியே."

பின்வரிசையில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரரின் பென்சில் நிற்கவேயில்லை.

நவம்பர் 12

ஐசில்டாவுக்குப் புது வீடு, நாலாவது மாடி. டோரீனின் வீடு ரத்து, மறுபடி பார்ப்பார்களாம். எனக்குக் கண்டிப்பு. இனி இரண்டு பேர் சேர்ந்துதான் மதிப்புப் போடுவார்கள். அதில் ஒருவர் கறுப்பரா என்று கேட்டேன். பரிசீலிக்கிறார்களாம்.

டோரீனிடம் என்ன சொல்வது? கேக் வாங்கிப் போனேன். பாதியை நானே தின்றேன்.

டிசம்பர் 3

நாளை டோரீன் அறைக்கு மறுபார்வை. ஐசில்டா இரண்டு பஸ் மாறி வாளியோடு வந்துவிட்டாள்.

"மார்வா எப்படி?" என்றேன்.

"அவ நல்லாத் தூங்குறா. இருமல் சத்தம் இல்லாம எனக்குத்தான் தூக்கம் வரல. பேசாதீங்க மிஸ் வெரோனா, அந்த மூலையத் தேயுங்க."

"ஆமா கண்ணு, அந்த மூலை," என்றாள் டோரீன், கட்டில்மேல் சம்மணமிட்டு, தேநீர்க் கோப்பையோடு.

முழங்கால் இரண்டும் போயிற்று. சாயங்காலம் ஒருவழியாகத் தரை தெரிந்தது.

"அட," என்றாள் டோரீன் எட்டிப் பார்த்து, "எங்க தரை சிவப்பா!"