சிவப்பில் விழுந்த வீடு

மகாகனம் பொருந்திய மருமகள் தீப்பெட்டிக்கு,

இந்தத் தெருவின் முடிசூடா மன்னனும் உன் ஒரே தாய்மாமனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உன் நலமறிய எனக்கு ஆவல். உன் அம்மாவுக்கு என்னைவிட ஆவல், ஆனால் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள். இப்போது நான் சொல்லப்போகும் கதையை மூன்று உலகத்திலும் ஒருத்தரும் நம்பப் போவதில்லை. நீயும்தான்.

உங்கள் ஆபீஸ் போட்ட காட்டுத்தீ அபாய வரைபடம் வந்து சேர்ந்தது. எங்கள் மலைச்சரிவுத் தெரு முழுக்கச் சிவப்பு. காட்டை ஒட்டிய கடைசி வீடு, அதாவது உன் அம்மா வீடு, ரத்தச் சிவப்பு. வரைந்தது நீதான் என்று தெரிந்ததும் அக்கா, "வளர்ந்த வீட்டையே சிவப்பாக்கிட்டாளே பாவி. அம்மாவுக்காகக் கொஞ்சம் ஆரஞ்சு போட்டா குறைஞ்சா போயிடுவா?" என்று வீடு வீடாக நியாயம் கேட்டாள். அன்றிலிருந்து உன் போனை எடுப்பதில்லை. அந்தக் கதை உனக்கே தெரியும்.

தெரியாத கதை இது. தெருவை எப்படிக் காப்பாற்றுவது என்று திட்டம் போட தீயணைப்பு நிலைய அதிகாரி வந்தார். கூட முந்நூறு வீரர்கள், நாலு ஹெலிகாப்டர். என்னைப் பார்த்ததும் சல்யூட் அடித்து, "நீங்க இல்லாம இந்த மலையே இல்லை சார்" என்றார். மறுக்க மனம் வரவில்லை.

முதல் வேலை, தீயணைப்பு வண்டி தெருவில் திரும்புமா என்று பார்ப்பது. வண்டியின் நீளத்துக்கு ஒரு கம்பை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டோம். முன்பக்கம் நான் டிரைவர், பின்பக்கம் அதிகாரி பின்சக்கரம். நான் வாயாலேயே ஹாரன் அடித்ததில் பக்கத்து மலையில் பறவைகள் குடிபெயர்ந்தன. தையல்காரர் வீட்டு முனையில் பின்சக்கரம் சுவரில் இடித்துக்கொண்டது. தையல்காரர் வெளியே வந்து, "வயசான காலத்துல என்னய்யா விளையாட்டு?" என்றார். விஷயம் தெரிந்ததும் அந்தச் சுவரை அரை அடி உள்ளே தள்ளிக் கட்ட ஒப்புக்கொண்டார். துணியில் ஒரு விரல்கடை விட்டுக்கொடுக்காத மனுஷன்!

அப்புறம் வீட்டுக்கு வீடு சோதனை. கூரையில் சருகு கிடக்கிறதா, சுவரை ஒட்டிப் புதர் இருக்கிறதா, விறகு எங்கே இருக்கிறது என்று. உன் அம்மா வீட்டு வாசல் பளிங்கு மாதிரி இருந்தது. புல் ஒட்ட வெட்டியிருந்தது. வெந்நீர் அடுப்பு விறகு ஒரு சுள்ளிகூடக் காணோம். அதிகாரி அசந்துபோய், "பொண்ணு பேரைக் காப்பாத்திட்டீங்கம்மா" என்றார். அக்கா முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு.

எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. உன் அறைக் கதவைத் தள்ளினேன். தரையிலிருந்து கூரை வரை விறகு. உன் கட்டில், மேசை எதுவும் கண்ணில் படவில்லை. அதிகாரி அப்படியே மயங்கிச் சரிந்தார். அக்கா அசரவில்லை. "சுவத்துலேர்ந்து தள்ளி வைக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினீங்க. தள்ளி வச்சாச்சு. உள்ள வைக்கக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?" என்றாள். பெரிய வக்கீலாக வந்திருக்க வேண்டியவள்.

போன வாரம் ஒத்திகை. சைரன் அடித்தால் எல்லாரும் கீழே பள்ளி மைதானத்துக்குப் போய்விட வேண்டும். தையல்காரர் போனார், மாடி வீட்டு டீச்சர் பூனையோடு போனார், அடியேன் படை நடத்திப் போனேன். அக்கா வரவில்லை. அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டு, "நிஜமா தீ வந்தா முதல்ல அந்த வீட்டுக்குத்தான் வரும். உள்ள ஆள் இருந்தா என் வண்டியும் அங்கதான் நிக்கணும். மத்த வீடுங்களுக்கு யாரை அனுப்புவேன்?" என்றார். அப்போது அவர் சல்யூட் அடிக்கவில்லை.

நான் மேலே ஏறிப் போனேன். அக்கா ஹாலில் அந்தப் பழைய லேண்ட்லைன் போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். திட்டினேன், கெஞ்சினேன், ஏன் வரவில்லை என்று கேட்டேன். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "இது அவ கூப்பிடற நேரம்டா. நான் எடுக்க மாட்டேன். ஆனா அடிக்கிறப்ப நான் இங்க இருக்கணும்."

நீ வாங்கிக் கொடுத்த செல்போன் பெட்டியைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை. நான் எடுத்துக் கொடுத்தால் வாங்க மாட்டாள். நான் சொன்னால் எதையும் நம்பவும் மாட்டாள், அப்படிப் பேர் வாங்கிவிட்டேன். அதனால் நீ வா. வந்து அதை அவள் கையில் வைத்து, "சைரன் அடிச்சா இதை எடுத்துக்கிட்டு இறங்கிடும்மா, நீ எங்க இருந்தாலும் இதுல கூப்பிடுவேன்" என்று ஒரு வார்த்தை சொல். வரைபடத்தைப் பற்றி மன்னிப்புக் கேட்காதே. நிறம் சரிதான். நான் அந்தச் சரிவில் நடந்து பார்த்தேன், புல் காய்ந்து காலில் நொறுங்குகிறது. தீயை விசிறிவிடும் மேலைக் காற்று தொடங்குவதற்குள் வந்துவிடு தாயே. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், அவளும்தான்.

முந்நூறு வீரர்கள் வரவில்லை, அதிகாரியும் ஒரு டிரைவரும்தான். ஹெலிகாப்டர் இல்லை. விறகு உன் கட்டிலுக்கு அடியில் நாலு கட்டு, அவ்வளவுதான். அதிகாரி மயங்கவில்லை, தும்மினார். போன் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா சொன்னதில் மட்டும் நான் ஒரு எழுத்தைக்கூடச் சேர்க்கவில்லை.

இப்படிக்கு,
உன் மாமா