மருமகனும் ஏசி கம்பிரசரும்

06.07.2024, சனி

கச்சான் காற்று காலையிலேயே நெருப்பாக வீசுகிறது. காரின் ஏசி கம்பிரசர் இறுகி நின்றுவிட்டது. மகள் நிப்லாவுக்கு ஏழாம் மாதம். மட்டக்களப்பில் டொக்டரிடம் காட்டிவிட்டு வருவதற்குள் பிள்ளை துவண்டு போனாள். டொக்டர் தந்த பைல் மட்டையால் விசிறிக்கொண்டே வந்தேன். கார் ஓட்டியது மருமகன் ஸாஜித்.

"வேற கம்பிரசர் போடோணும்" என்றேன்.

"ஓம் மாமி."

இந்த 'ஓம் மாமி'யோடுதான் ஒரு வருடமாகக் குடித்தனம். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டுக்கு வாழ வந்த பிள்ளை. கறியில் உப்புக் குறைவா? ஓம் மாமி. கூடவா? அதற்கும் ஓம் மாமி. விருந்தாளி போலக் கதிரை நுனியில் இருக்கிறார். இது தன் வீடு என்று அவருக்கு எப்போதுதான் படும்? எனக்கு வேறு ஆசை இல்லை.

08.07, திங்கள்

மெக்கானிக் நளீம் இரண்டு வழி சொன்னார். யப்பானில் கழற்றி வரும் ரீகண்டிஷன், இல்லாவிட்டால் சீனாப் புதுசு. "பழசெண்டாலும் யப்பான் சாமான் உழைக்கும் டீச்சர். பொருந்துறதாப் பாத்து எடுங்க."

10.07, புதன்

பள்ளிக்கூடம் விட்டு, கல்முனைக் கடையில் ரீகண்டிஷன் ஒன்றை நானே தெரிந்தெடுத்தேன். மருமகன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எப்படி என்று கேட்டேன். "நல்லம் மாமி."

11.07, வியாழன்

பொருந்தவில்லை. பெல்ட் ஓடும் சில்லு நம்முடையதைவிட அகலமாம்.

நிப்லா மெதுவாகச் சொல்கிறாள்: "அவருக்குக் கடையிலயே தெரியுமாம் உம்மா. நீங்க எடுத்தத எப்பிடிப் பிழையெண்டு செல்லுறெண்டு இருந்திட்டாராம்."

யா அல்லாஹ். தெரிஞ்சுகொண்டா வாய மூடிட்டு நிண்ட? பொண்டாட்டி வெயிலுல வேகட்டும், மாமிட மரியாத மட்டும் குறையக் கூடாதா? இது மரியாதையே இல்லை, பயம். பள்ளிக்கூட முகத்தை வீட்டிலும் போட்டுக்கொண்டு திரிகிறேனோ?

12.07, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்தவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆத்திரம் ஆறவில்லைதான். ஆனாலும் பொரித்த மீனில் பெரிய துண்டு அவருக்குத்தான் போனது. என்ன செய்ய, பிள்ளை மெலிந்து கிடக்கிறார்.

13.07, சனி

அக்கரைப்பற்றுக் கடை. மேசையில் இரண்டு கம்பிரசர். இந்தமுறை சில்லின் அகலத்தை அளந்துகொண்டுதான் போனேன். வேண்டுமென்றே அகலமானதைத் தூக்கினேன். "இதக் கட்டுங்க தம்பி."

மருமகன் செருமினார். நான் திரும்பவில்லை. கடைக்காரர் கடதாசி எடுத்தார்.

"மாமி, அது வேணாம்."

"ஏன்?" பள்ளிக்கூடக் குரலில்தான் கேட்டேன்.

"பிழையான சாமான். வைங்க அத." கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேவிட்டார். காது இரண்டும் சிவந்துபோனது. "மத்ததுதான் சரி. இன்னொண்டு, பழசு தேஞ்ச தூள் குழாயெல்லாம் இரிக்கி. கழுவாமப் பூட்டினா இதுவும் இறுகிரும்."

கழுவ வேண்டும் என்பது எனக்கும் தெரியாது. முக்காட்டால் வாயை மூடிக்கொண்டேன். சிரிப்பைக் கண்டால் மறுபடி 'ஓம் மாமி'க்குப் போய்விடுவாரே.

20.07, சனி

மட்டக்களப்பு போய் வந்தோம். நிப்லா வழியெல்லாம் தூங்கினாள். ஏசிக் குளிர் கூடிவிட்டது, குறையுங்கள் என்றேன். "சும்மா இரிங்க மாமி, அவக்கு வெக்கயா இரிக்கி."

மத்தியானம் சோற்றுக்கு இருந்தார். கதிரையில் நன்றாகச் சாய்ந்து. முதல் பிடியிலேயே முகத்தைச் சுளித்தார்.

"மாமி, கறியில உப்புக் கூட."

என் கறியைப் பார்த்து. அல்ஹம்துலில்லாஹ்.